உப்பு சாக்கு

பெங்களூரில் இருக்கும் என் மகனுக்கு,

நீ கேட்டிருப்பது ஒரே ஒரு வார்த்தை. அமாவாசை கழிந்ததும் பர்கூரிலிருந்து உன் மாமனார் தன் ஆட்களோடு நம் ஊருக்கு வந்து கூட்டத்தில் உட்காரும்போது, "அந்தப் பெண்ணுக்குப் புத்தி சரியில்லை, ஒரே வீட்டில் இருந்து பார்த்தவன் சொல்கிறேன்" என்று நான் சொல்ல வேண்டும். உகாதியன்று அவள் உப்பை அள்ளிக் கொட்டியதை ஊரே பார்த்திருக்கிறது, நீங்கள் சொன்னால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள், கல்யாணத்தை அன்றைக்கே தீர்த்துவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். எழுத்து அழகாக இருக்கிறது. நான் பக்கத்தில் பிரம்பை வைத்துக்கொண்டு பழக்கிய எழுத்து. பதிலையும் ஒரு வார்த்தையில் எழுதி முடித்திருக்கலாம். ஆனால் இத்தனை வருஷத்தில் உன்னிடம் எதையும் நான் உள்ளபடி சொன்னதில்லை என்பது உன் கடிதத்தைப் படித்தபோதுதான் உறைத்தது. அதனால் இது கொஞ்சம் நீளும். ஷிப்டுக்குப் போகிற அவசரத்தில் படிக்காதே, உட்கார்ந்து படி.

புதன்கிழமை தபால்காரர் வாசலில் கூப்பிட்டபோது நான் களிச் சட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். உன் பெண்டாட்டியை நீ பஸ் ஏற்றி அனுப்பியதிலிருந்து இங்கே சமையல் என்னுடையது. உன் அம்மா போன பிறகு பொங்கிப் போட்ட கிழவியும் உன் கல்யாணத்தோடு நின்றுவிட்டாள். முதல் நாள் உலை கொதிக்கும் முன்பே மாவைக் கொட்டினேன், கஞ்சியாக ஓடியது. இரண்டாம் நாள் மாவு வேகும் முன்பே கிண்டினேன், உருண்டையைப் பிட்டால் உள்ளே நெல்லிக்காய் அளவுக்குப் பச்சை மாவு. மூன்றாம் நாள் அடிப்பிடித்து, சட்டியை உடைத்துத்தான் களியை எடுத்தேன். அவரைக்கொட்டைக் குழம்பில் புளியை முன்னால் ஊற்றிவிட்டால் கொட்டை வேகாது என்பதை அறுபது வயதில் தெரிந்துகொண்டேன். ஒரு சுமை விறகு எரித்தும் கொட்டை பல்லுக்கு மசியவில்லை. எந்தத் தப்பால் எது கெடும் என்பது எனக்கு அத்துப்படி, முப்பது வருஷம் அதைச் சொல்லிச் சொல்லியே சாப்பிட்டவன். எப்படிச் செய்தால் கெடாது என்பது மட்டும் தெரியவில்லை. கெட்டுப்போன சாப்பாட்டுக்கு ஏச ஆளில்லாமல் தனியாக உட்கார்ந்து தின்கிறேன். பரிதாபப்பட்டுவிடாதே, எனக்கு இதெல்லாம் போதாது.

உன் அம்மாவிலிருந்து தொடங்குகிறேன். அவளுக்குச் சமைக்கத் தெரியாது என்றுதான் நீ இன்றுவரை நம்புகிறாய். பேரிகைச் சந்தையில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள், ஏனென்றால் அவர்களுக்குச் சொன்னவன் நான். அவள் வைத்த ஒவ்வொன்றுக்கும் நான் பெயர் வைத்திருந்தேன். களிக்குக் கூழாங்கல், ரசத்துக்குக் கால் கழுவின தண்ணி, தோசைக்குச் செருப்புத்தோல். சந்தைக்குள் நான் நுழைந்தாலே மாட்டுத் தரகர்கள், "வாங்க, இன்னிக்கு வூட்ல என்னா கூத்து?" என்று இடம் ஒதுக்கிக் கொடுப்பார்கள். நான் அவளைப்போல நடித்துக் காட்டுவேன், சட்டியைத் திறந்து பார்த்து அவள் விழிப்பதுபோல விழிப்பேன். அவர்கள் சிரிக்கிற சிரிப்பில் எனக்குக் கள் குடித்ததுபோல இருக்கும். வீட்டில் நல்ல சாப்பாடு கிடைத்த வாரம் சந்தையில் சொல்ல ஒன்றும் இருக்காது. அதனால் நல்ல சாப்பாட்டிலும் ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்தே தீருவேன். உண்மையில் நான் ஊரில் இல்லாத நாட்களில் அவள் கைச் சாப்பாட்டைச் சாப்பிட்டவர்கள் விரலை நக்கியிருக்கிறார்கள். உன் அத்தையே சொல்லியிருக்கிறாள். நான் இலைமுன் உட்கார்ந்தால்தான் அவளுக்குக் கை நடுங்கும். கை நடுங்கினால் உப்பு கூடக் குறைய விழும், விழுந்தால் நான் பேசுவேன், நான் பேசியதில் அடுத்த வேளை இன்னும் நடுங்கும். இதை நான் அப்போதே கவனித்திருந்தேன். கவனித்த பிறகும் நிறுத்தவில்லை.

திருகைக் கல் கொத்திய அன்று நடந்தது உனக்கு நினைவிருக்குமா தெரியவில்லை, உனக்கு அப்போது ஆறு வயது. புதிதாகக் கொத்திய கல்லில் முதலில் கொஞ்சம் தவிட்டை அரைத்துக் கொட்டிவிட்டுத்தான் கேழ்வரகைப் போட வேண்டும், இல்லாவிட்டால் கல்பொடி மாவோடு கலந்துவிடும். அன்று உன் அம்மாவுக்குக் காய்ச்சல். மறந்து நேராகக் கேழ்வரகையே அரைத்துவிட்டாள். களியை வாயில் வைத்ததும் நறநற என்றது. கிணறு வெட்ட வந்த ஆட்கள் நாலு பேர் என்னோடு சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்குள்ளேயே கூட்டம் கிடைத்துவிட்டால் என் வாய்க்குக் கேட்கவா வேண்டும். "நீ செஞ்ச மண்ண நீயே தின்னுக் காட்டு, நாங்க பாக்கறம்" என்று ஒரு முழு உருண்டையை அவள் கையில் கொடுத்து நடுவீட்டில் உட்கார வைத்தேன். களியை யாரும் மெல்வதில்லை, விழுங்குவதுதான் வழக்கம். நான் மென்று தின்னச் சொன்னேன். அந்தச் சத்தம் எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்று சொன்னேன்.

அவள் மென்றாள். கிணற்று ஆட்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு தலையைக் குனிந்துகொண்டார்கள், ஒருவர் பாதியில் எழுந்து கை கழுவப் போய்விட்டார். நீ மட்டும் விடவில்லை. கைதட்டிக்கொண்டு "இன்னும், இன்னும்" என்றாய். நான் உன்னைத் தூக்கி மடியில் உட்கார வைத்துக்கொண்டேன். அவளுடைய கடைவாய்ப் பல் ஒன்று அன்று பெயர்ந்தது. அதை வாயிலிருந்து எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு மிச்ச உருண்டையையும் தின்று முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். அவள் போய் நாலு வருஷம் ஆகிறது. அதற்காக நான் அவளிடம் ஒரு நாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்க நினைத்தேன் என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும்.

நீ என்னைப் பார்த்துத்தான் வளர்ந்தாய். பத்து வயதிலேயே தட்டில் விழுந்ததை வாயில் வைக்காமலே, "இது என்னா, நாய்க்கு வெச்சதா?" என்று அவளைக் கேட்பாய். குரல் அச்சு அசலாக என் குரல். நான் கண்டிக்கவில்லை, அடுத்த சந்தையில் அதையும் சொல்லிச் சிரித்தேன். பிள்ளைக்குப் படிப்பு வருமா, வேலை வருமா என்று கவலைப்பட்டேனே தவிர, இது வந்துவிட்டதே என்று ஒரு நாளும் கவலைப்படவில்லை.

மாசியில் உன் கல்யாணம் நடந்தது. நீ சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை விடியற்காலம் பெங்களூர் பஸ் ஏறிவிடுவாய், மற்ற நாட்களில் நானும் அவளும்தான் வீட்டில். எனக்கு அவள்மேல் என்ன கோபம் என்று நீ யோசித்திருக்க மாட்டாய். அவள் சமையலில் குறை சொல்ல எதுவுமே இல்லை. களி வெண்ணெய்போல இறங்கும். கொள்ளு வறுத்து அரைத்து அவள் வைக்கிற சாற்றைச் சோறில்லாமலே குடிக்கலாம். ஒரு மாதம் முழுக்க வாயைத் திறக்க வழியில்லாமல் சாப்பிட்டேன். சந்தையில், "மருமவ வந்துட்டா, பெரியவர் வாய் அடங்கிப்போச்சு" என்று தரகர்கள் என்னையே கிண்டல் செய்தார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை. எங்கே தடுக்கி விழுவாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவளுக்குத் தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாது. நம் ஊரில் பாதி தெலுங்கு, பாதி தமிழ். கன்னடம் உன் அத்தையோடுதான் நம் வீட்டுக்குள் வரும். பத்து வயதில் ஆனேக்கல்லுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள், தமிழ் பேசினால் புரியும், அவள் வாயில் வருவது கன்னடம்தான். ஓசூர் மதராஸோடு நிற்குமா, மைசூரோடு போகுமா என்று டீக்கடைகளில் சண்டை நடக்கிற சமயம் இது. நம் வீட்டில் அந்தச் சண்டை ஏது, அத்தை அப்படிப் பேசுவாள், நாம் இப்படிப் பேசுவோம், ஒரே இலையில் சாப்பிடுவோம். உகாதிக்கு முதல் நாள் மத்தியானம் அவள் வந்து இறங்கினாள். நீயும் அன்று மாலை வந்தாய். மறுநாள் உன் போர்மன் சாப்பிட வருவதாகவும், அவர் எழுதிக் கொடுத்தால்தான் உன் வேலை நிரந்தரமாகும் என்றும் சொன்னாய்.

அத்தைக்கு மருமகள் மோர் ஊற்றினாள். டம்ளர் நிறையும்போது அத்தை, "சாக்கு" என்றாள். கன்னடத்தில் போதும் என்று அர்த்தம், இது நமக்குத் தெரியும். அந்தப் பெண் மோர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் ஒரு கோணிச் சாக்கைக் கொண்டுவந்து அத்தைமுன் விரித்தாள். அத்தைக்குத் தரையில் உட்காரக் கூச்சம்போல என்று நினைத்துக்கொண்டாளாம். நாம் மூன்று பேரும் எப்படிச் சிரித்தோம். நீ புரையேறிச் சுவரைப் பிடித்துக்கொண்டாய். அவளும் கூடச் சேர்ந்து சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. பொழுது சாயும்போது நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து மெதுவாகக் கேட்டாள்.

"மாமா, அந்தச் சாக்குன்னு சொன்னாங்களே, அதுக்கு என்னாங்க அர்த்தம்? நாளைக்குப் பெரிய மனுசருங்கல்லாம் வராங்க, நான் தப்பா ஏதாச்சும் பண்ணிடப்போறன்."

நல்ல கேள்வி. ஒரு நொடியில் நல்ல பதிலைச் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த நொடியில் மறுநாள் பந்திதான் கண்ணில் தெரிந்தது. போர்மன் போதும் போதும் என்று இலையை மறைக்க மறைக்க இவள் மேலே மேலே கொட்டுவாள், சந்தையில் ஒரு வருஷத்துக்குச் சொல்லலாம். "இன்னும் போடுன்னு அர்த்தம்மா. கன்னடக்காரங்களுக்குக் கூச்சம் ஜாஸ்தி, மூணு தரம் சொன்னாங்கன்னா நெறையப் போடணும்" என்றேன். அவள் தலையாட்டி, வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள்.

உகாதியன்று காலையில் அத்தை அடுப்புக்கு எதிரே முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒப்பட்டுப் போளி தட்டிக்கொண்டிருந்தாள். பருப்பு வேகவைத்து இறுத்த தண்ணீரில் மருமகள் சாறு கூட்டிக்கொண்டிருந்தாள். நான் கூடத்தில் மாவிலை கட்டிக்கொண்டிருந்தேன், அடுப்படியில் பேசுவது எல்லாம் கேட்டது. "உப்பு ஒரு கை போட்டுட்டன் அத்தை" என்றாள் அவள். "உப்பு சாக்கு" என்றாள் அத்தை. இன்னொரு கை விழுந்தது. அந்தச் சத்தம் கேட்டு அத்தை திரும்பாமலே, "சாக்கம்மா, சாக்கு" என்றாள். இன்னொரு கை விழுந்தது. அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது, சாக்கு என்று சொன்னேனே, காது கேட்கவில்லையா என்று கன்னடத்தில் இரைந்தாள். உப்பைச் சுருக்கமாகப் போடுகிறோம் என்று திட்டுகிறாளாக்கும் என்று பயந்து, அந்தப் பெண் உப்பு வைத்திருந்த கொட்டாங்குச்சியை அப்படியே கவிழ்த்தாள். படையல் போடும் முன்பு யாரும் ருசி பார்க்கக் கூடாது என்பதால் அவளும் பார்க்கவில்லை, அத்தையும் பார்க்கவில்லை. நான் மாவிலையைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பரிமாறும்போது கூத்து நடக்கும் என்று நினைத்தவனுக்குச் சமையலிலேயே நடந்துவிட்டது. எழுந்து நாலு எட்டு வைத்து அடுப்படிக்குள் போய், "சாற்றைக் கொட்டிவிட்டு வேறு வையம்மா" என்று சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை. சாமிக்கும் அதே சாற்றைத்தான் படைத்தேன்.

பந்தியில் நடந்தது உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். போர்மன் சோற்றில் சாற்றைப் பிசைந்து ஒரு கவளம் வாயில் வைத்ததும் முகம் கோணிவிட்டது. நல்ல மனிதர், துப்பாமல் விழுங்கினார். அவள் மறுபடி சாறு ஊற்ற வந்தாள். அவர் இலைக்குமேல் கையைக் குறுக்கே வைத்து, "சாக்கு" என்றார். அவள் ஊற்றினாள். "சாக்கு, சாக்கு தாயி" என்று இரண்டு கையாலும் மறைத்தார். மூன்று தரம் ஆகிவிட்டதல்லவா, கரண்டி நிறைய அவர் கைமேலேயே ஊற்றினாள். கொதித்த சாறு, தோல் சிவந்துவிட்டது. பந்தியில் இருந்த நம் ஆட்கள் ஹோ என்று சிரித்தார்கள். எல்லாருக்கும் முன்னால் சிரித்தவன் நான்.

நீ எழுந்தாய். ஒரு செம்பை எடுத்து அந்தச் சாற்றை அதில் வழிய வழிய மொண்டாய். "புத்தி கெட்டவளே, நீயே குடி, நாங்க பாக்கறம்" என்றாய். நான் உன் அம்மாவிடம் சொன்ன அதே "நாங்க பாக்கறம்". போர்மன் தன் கையை உதறிக்கொண்டு, வேண்டாம் விடப்பா என்று கன்னடத்தில் கெஞ்சினார். அத்தை உன் கையைப் பிடித்து இழுத்தாள். அந்தப் பெண் பந்திக்கு நடுவே நின்று, செம்பு காலியாகும்வரை குடித்தாள். நடுவில் ஒரு தரம் என்னைப் பார்த்தாள். மாமா சொல்லிவிடுவார் என்று நினைத்திருப்பாள். நான் இலையில் கிடந்த ஒப்பட்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டேன். அவள் புழக்கடைக்கு ஓடிப்போய் வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டபோதும் தின்றுகொண்டுதான் இருந்தேன். உண்மையைச் சொன்னால் சிரிப்பு என் பக்கம் திரும்பிவிடும் என்ற பயம் எனக்கு. மறுநாள் காலை நீ அவளைக் கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏற்றினாய்.

இதோடு உன் கடிதத்துக்கு வருகிறேன். உன்னை நான் ஏமாற்றிவிட்டேன், பாவம் பையன், என் பொய் தெரியாமல் மனைவியை அடித்துத் துரத்திவிட்டான் என்று நினைத்துத்தான் புதன்கிழமை ராத்திரி முழுக்கப் புரண்டேன். அவளை நானே போய்க் கூட்டிவந்து, பழியை என் தலையில் போட்டுக்கொண்டு, உங்கள் இருவரையும் சேர்த்து வைத்துவிட்டால் உன் அம்மாவுக்குச் செய்ததில் ஒரு பிடியாவது கரையும் என்று தோன்றியது. வியாழக்கிழமை ஓசூர் போய், கிருஷ்ணகிரியில் பஸ் மாறி, பர்கூரில் இறங்கி அவர்கள் ஊருக்கு நடந்தேன். உன் மாமனார் என்னை உள்ளே கூப்பிடவில்லை. மாமியார், "எங்க வூட்டுச் சோத்துல கொற கண்டுபிடிக்க வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் வாசலில் நின்றபடியே, அக்கம்பக்கத்தார் கேட்க, சாக்கு என்ற வார்த்தைக்கு நான் சொல்லிக் கொடுத்த அர்த்தத்தைச் சொன்னேன்.

"எதுக்குங்க அப்படிச் சொன்னீங்க?" என்றார் உன் மாமனார்.

"சிரிக்கத்தான்" என்றேன்.

"சிரிக்கவா" என்றார். மறுபடியும், "சிரிக்கவா" என்றார். அவருக்கு என்மேல் கோபம்கூட வரவில்லை, என்ன ஜாதி மிருகம் இது என்பதுபோலப் பார்த்தார்.

அந்தப் பெண் கதவருகே வந்து நின்றாள். இளைத்திருந்தாள். "எனக்கு அன்னிக்கே தெரியுங்க மாமா" என்றாள். "பொறக்கடையில தலையப் புடிச்சுகினு இருந்தப்பவே அத்தை வெவரம் கேட்டு, கையால காட்டி அர்த்தத்தச் சொல்லிட்டாங்க. அவருகிட்டயும் சொன்னன், உங்கப்பா சொல்லிக் குடுத்தத நம்பித்தான் போட்டன், உங்க பக்கத்து வாய்க்கு அவ்ளோ உப்பு வேணும்போலன்னு நெனச்சன்னு."

"அவன் என்னம்மா சொன்னான்?"

"தெரியும்னாரு. நீங்க எனக்குச் சொல்லிக் குடுத்தப்ப அவரு மாட்டுக்கொட்டாய்க்கு அந்தாண்ட கட்டல்ல படுத்துகினு இருந்தாராம். கேட்டுகினுதான் இருந்தன், வேடிக்கைதானன்னு வுட்டுட்டன்னாரு."

"அப்புறம் ஏன் குடிக்க வெச்சான்?" என்றேன்.

"நானும் அதத்தான் கேட்டன். போர்மன் பாத்துகினு இருக்கறாரு, யாரையாச்சும் திட்டித்தான ஆவணும், எங்கப்பனையா திட்டுவன், அப்படின்னாரு."

மகனே, அவள் இதை அழாமல் சொன்னாள். நான்தான் அழுதேன், அது அங்கே யாருக்கும் பிடிக்கவில்லை. நான் செய்தது கொடுமை, அதில் சந்தேகமில்லை. ஆனால் உன் அம்மா களியில் கல்பொடியை உண்மையிலேயே சேர்த்திருந்தாள், அவள் மறதியைப் பிடித்துக்கொண்டு ஆடினேன். நீயோ, அவள் ஒரு தப்பும் செய்யாதவள் என்று தெரிந்தே குடிக்க வைத்தாய். தெரிந்தே பஸ் ஏற்றினாய். தெரிந்தே அவளுக்குப் பைத்தியப் பட்டம் கட்ட என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டாய். போர்மன் தன் அக்கா மகளை உனக்குக் கொடுப்பதாகச் சொல்கிறார் என்று நீ கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருந்ததற்கு அப்போதுதான் எனக்கு அர்த்தம் புரிந்தது. நான் எதையெதையோ தின்று கெட்டது கெட்டது என்று ஊரெல்லாம் சொன்னவன். என் கையால் கெட்டது நீ ஒருவன்தான், அதை யாரிடமும் சொன்னதில்லை.

"திரும்பி வரியாம்மா?" என்று கேட்டேன். கேட்கும்போதே வராதே என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"வரலீங்க" என்றாள். "எனக்குப் புத்தி நல்லாத்தான் இருக்குதுன்னு எழுதிக் குடுங்க. அது எங்கிட்ட இருக்கட்டும்."

காகிதம் வாங்கிவரச் செய்து அங்கேயே எழுதினேன். என் பொய், அத்தை சொன்னது, அவள் போட்ட உப்பு எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் வாங்கி எழுத்துக்கூட்டி மெதுவாகப் படித்தாள். படித்துவிட்டு, "செம்புல குடிக்க வெச்சத எழுதலீங்களே" என்று திருப்பிக் கொடுத்தாள். உன் பெயரைப் போட்டு அதையும் எழுதினேன். நீ தெரிந்தே செய்தாய் என்பதையும் சேர்த்தேன். ஊர்க் கூட்டத்தில் அந்தக் காகிதத்தை நானே எழுந்து நின்று படிக்கப் போகிறேன். தீர்ப்பு அவர்கள் பக்கம் ஆகும். அவள் நகையும் பாத்திரமும் ஒன்று குறையாமல் போய்ச் சேரும். கூட்டத்துக்கு நீ வந்தாலும் வராவிட்டாலும் எனக்கு ஒன்றுதான்.

அப்பன் என்று ஒருவன் கடிதம் எழுதினால் புத்தி சொல்ல வேண்டும் அல்லவா. சமைக்கக் கற்றுக்கொள். உலை தளதளவென்று கொதித்த பிறகு மாவை நடுவில் குவியலாகக் கொட்டு, உடனே கிண்டாதே, கோலால் குழி செய்துவிட்டு மூடி வைத்துப் பொறுத்திரு. மாவு வெந்த வாசனை வந்த பிறகு கிண்டு. நான் இன்னும் அந்த வாசனையைக் கண்டுபிடிக்கவில்லை. உனக்கு என்னைவிட வயது குறைவு, கண்டுபிடித்துவிடுவாய். தேவைப்படும் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

ஏனென்றால் நேற்று சனிக்கிழமை நான் ஆனேக்கல் போனேன். உன் அத்தையிடம் விசாரித்து, அவளையும் கூட்டிக்கொண்டு அதே ஊரில் இருக்கும் உன் போர்மனின் அக்கா வீட்டுக்குப் போனேன். நல்ல குடும்பம். சம்பந்தியாகப் போகிறவன் என்று என்னைப் பாயில் உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள். முதல் மனைவிக்குப் பைத்தியம், அடுப்பில் கையை விட்டுக்கொள்வாள், உன் கழுத்தைக்கூட ஒரு தரம் நெரிக்க வந்தாள் என்றெல்லாம் நீ அவர்களிடம் சொல்லியிருக்கிறாய். எனக்கு எழுதியதைவிட அங்கே நன்றாகவே சொல்லியிருக்கிறாய். நான் மோரைக் கீழே வைத்துவிட்டு, உனக்கு இங்கே எழுதியதை எல்லாம் அவர்களுக்குச் சொன்னேன். உன் அம்மாவின் பல்லிலிருந்து சொன்னேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் பெண் பக்கத்து அறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், பாதியில் அவள் வளையல் சத்தம் நின்றுபோனது. எல்லாம் கேட்ட பிறகு அவளுடைய அப்பா எழுந்து என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். உங்கள் மகன் இனிமேல் இந்தத் தெருவுக்குள் வரக் கூடாது, அவனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்றார். சொல்லிவிட்டேன்.

உன் அப்பா